இல்லமும் நலமும்: வீட்டினுள் ஒரு வெப்ப அறை

ஃபின்லாந்து நாட்டில் பணிபுரியும் மகன் அல்லது மகளின் இல்லத்தில் மூன்று மாதம் தங்கிவர விமானமேறும் பெற்றோர் இந்நாளில் நம் குடும்பங்களிடையே அரியவர் அல்லர். அந்நாட்டின் நோக்கியா நிறுவனம் 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை நடத்திற்று. அந்நாள் முதலே ஹெல்சிங்கி, எஸ்போ என்னும் ஊர்ப்பெயர்கள் நம் பிள்ளைகளின் வாயில் பழகிவிட்டன. அங்கே போய் இறங்கி, பேரப்பிள்ளைகளை அள்ளிக் கொஞ்சி முடித்து, வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது குளியலறையை அடுத்து மரப்பலகை அடித்த ஒரு சிற்றறை கண்ணில் படும். உள்ளே படிக்கட்டுப் போல இரண்டு அடுக்காக இருக்கைகள். மூலையில் கற்களைச் சுமந்து நிற்கும் ஓர் அடுப்பு. சாமான் அறை போலும் என்று எண்ணிக் கொண்டுபோன பெட்டிகளை அங்கே அடுக்கிவிடத் தோன்றும். அது சாமான் அறையன்று. சவுனா என்னும் வெப்பக் குளியல் அறை. அதனுள் பெட்டியை அடுக்குவது எத்துணைப் பெரிய ஆபத்து என்பதைப் பின்னர்க் கூறுவோம். அறை எத்தகையது, வீட்டில் யார் யார் அதனுள் செல்லலாம், புதிதாக அமைப்போர் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பனவற்றை இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம்.

ஃபின்லாந்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 55 இலட்சம். அங்குள்ள சவுனாக்களோ 30 இலட்சத்துக்கும் அதிகம். தனி வீடு என்றால் தனியாக ஒன்று. ஏரிக்கரையில் கோடைக்குடில் இருப்பின் அங்கே மற்றொன்று. அடுக்குமாடிக் கட்டடமாயின் வீட்டுக்குள்ளேயே சிறியதொன்றோ, எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான ஒன்றோ இருக்கும். பொதுவானதில் குடும்பத்துக்கு வாரம் ஒரு மணி நேரம் என்று முறை வகுத்துக்கொள்வர். அந்நாட்டு நாடாளுமன்றக் கட்டடத்திலும் ஒரு சவுனா உண்டு. 2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் யுனெஸ்கோ இவ்வழக்கத்தை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்துச் சிறப்பித்தது.

இதனை ஆடம்பரப் பொருளாக நாம் கருதுவது அம்மக்களுக்கு வியப்பாகவே இருக்கும். முற்காலத்துச் சவுனாவுக்குப் புகைபோக்கியே கிடையாது. விறகைப் பல மணி நேரம் எரித்து, கற்கள் கனன்ற பின் நெருப்பை அவியவிட்டு, புகையை வெளியேற்றி, அதன் பின்னரே குளிக்கப் புகுவர். வீட்டிலேயே வெதுவெதுப்பும் தூய்மையும் மிகுந்த இடம் அதுவாதலால், தாய்மார் பிள்ளை பெற்றதும் அங்கேதான். இறந்தோரைக் கழுவிக் கிடத்தியதும் அங்கேதான். சவுனாவில் கோயிலில் இருப்பது போல இருக்க வேண்டும் என்று அந்நாட்டுப் பெரியோர் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பர். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நாள் கல்லறைத் தோட்டம் சென்று மெழுகுதிரி ஏற்றுவதும், வீட்டார் அனைவரும் சவுனாவில் குளித்தெழுவதும் இன்றளவும் வழங்கும் வழக்கங்கள். வாரத்தில் அவர்களுக்குரிய நாள் சனிக்கிழமை. நம் வீட்டு ஆடவர்க்கு எண்ணெய்க் குளியலும் சனிக்கிழமையன்றே என்பதை நினைக்க நமக்குச் சற்றே உறவு முறை தோன்றுகிறது.

கனன்ற கற்களின்மீது அகப்பையால் நீர் வார்த்தவுடன் எழும் ஆவியை அவர்கள் 'லொய்லு' என்பர். அச்சொல்லின் பழம்பொருள் மூச்சு, உயிர், ஆன்மா. நம் மொழியிலோ கொதிநீரிலிருந்து எழுவதும் ஆவி, உடலை விட்டுப் பிரிவதும் ஆவி, மூவொரு கடவுளில் மூன்றாம் ஆளாக நாம் தொழுவதும் தூய ஆவி. எங்கோ வடதுருவத்தின் அருகே வாழும் ஒரு மக்களும் நாமும் இவ்வாறு ஒன்றுபோல் எண்ணியிருப்பது இன்பம் தருகிறது.

இனி அறையினுள் நடப்பதைக் காண்போம். அங்கே காற்றின் வெப்பம் பெரும்பாலும் 70 முதல் 100 டிகிரி செல்சியஸ். நீர் கொதிக்கும் வெப்பத்தில் மனிதன் உட்கார்ந்திருப்பது எங்ஙனம் என்று ஐயம் எழும். காற்று உலர்ந்திருப்பதே விடை. வியர்வை உடனுக்குடன் உலர்ந்து உடலைக் குளிர்விக்கிறது. ஓர் அகப்பை நீர் வார்த்தால் ஈரம் மிகும். வெப்பமானியில் அளவு ஏறாவிட்டாலும் தோளிலும் காதிலும் சுரீர் என்று சூடு தைக்கும். சற்று நேரத்தில் அது தணியும். நம் நகரங்களில் நீராவிக் குளியல் என்று வழங்குவது வேறு. அங்கே ஈரம் நிறைந்திருப்பதால் 45 டிகிரியே போதுமானது. சவுனாவில் 10 அல்லது 15 நிமிடம் இருந்து, வெளியே வந்து உடல் ஆறி, விரும்பினால் மீண்டும் செல்வதே முறை. அதற்குள் தோலின் வெப்பம் 40 டிகிரியை எட்டும்; தோலடி இரத்தக் குழாய்கள் விரியும்; நாடித் துடிப்பு விரைந்து நடப்பவனுக்குரிய அளவுக்கு உயரும்; அரை லிட்டர் அளவுக்கு வியர்வை வெளியேறும்.

இதனால் விளையும் நன்மை யாது? ஃபின்லாந்தின் கிழக்குப் பகுதியில் குவோப்பியோ நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 2315 ஆடவரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2015ஆம் ஆண்டு வெளியாயிற்று. வாரம் ஒருமுறை சவுனா சென்றவரைவிட, நான்கு முதல் ஏழுமுறை சென்றோரிடையே திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது என்பது அதன் முடிவு. இம்முடிவு உலகெங்கும் பரவி, இன்று சவுனா விற்போர் அனைவரின் விளம்பரத்திலும் இடம்பெறுகிறது. ஆனால் அவ்வாய்வில் இடம்பெற்றோர் நடுவயது ஆடவர். சிறுவயது முதலே அவ்வெப்பத்துக்குப் பழகியவர். வாரம் ஏழுமுறை சவுனா செல்ல இயல்வது உடல் நலமும் ஓய்வும் உடையோர்க்கே என்பதையும் எண்ண வேண்டும். சவுனாவே அவர்களைக் காத்தது என்று அவ்வாய்வு மெய்ப்பித்துவிடவில்லை. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்றே கூறிற்று. மாத்திரையை நிறுத்திவிட்டுச் சவுனாவில் அமரலாம் என்று எவரேனும் உரைத்தால் அதைச் செவிகொள்ளல் வேண்டா.

நம் கவலையெல்லாம் அறுபது கடந்த பெற்றோரைப் பற்றியதே. இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று என்று சிறு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு செல்வோர் அவர்கள். ஃபின்லாந்திலும் எண்பது வயது முதியோர் சவுனா செல்கின்றனர். கட்டுக்குள் இருக்கும் இரத்த அழுத்தம் அவர்களுக்குத் தடையாவதில்லை. ஆயினும் அவர்கள் ஆயுள் முழுதும் பழகியவர். நாமோ அறுபத்தைந்தாம் வயதில் முதன்முறையாக நுழைகிறோம். அண்மையில் மாரடைப்புக் கண்டவரும், ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சுவலி வருபவரும், இதய வால்வு மிகச் சுருங்கியவரும் உட்புகுதல் ஆகாது என்பதில் மருத்துவரிடையே கருத்து வேற்றுமை இல்லை. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ உள்ள நாளிலும் அவ்வாறே. ஏனையோர் ஊரிலிருந்து புறப்படுமுன் தம் மருத்துவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுதல் நன்று.

மருத்துவர் சரி என்றாலும் மேற்படி வேண்டா, கீழ்ப்படியே போதும். வெப்பக் காற்று மேலே செல்வது. ஒரே அறையில் மேற்படிக்கும் கீழ்ப்படிக்கும் பல டிகிரி வேறுபாடு உண்டு. முதல் நாள் ஐந்து நிமிடம் இருந்தால் குறைவன்று. தலை இலேசாகச் சுற்றினாலும், படபடப்புத் தோன்றினாலும், இன்னும் சற்று நேரம் பார்ப்போம் என்று அமர்ந்திராமல் வெளியேற வேண்டும். வெளியேறுவதிலும் ஒரு முறை உண்டு. விரிந்த இரத்தக் குழாய்களோடு சட்டென எழுந்து நின்றால் இரத்தம் கால்களுக்கு இறங்கிவிடும். கண் இருண்டு விழுவர். அழுத்தத்துக்கு மாத்திரை உண்போருக்கு இது மேலும் எளிதில் நேரும். விழுமிடத்தில் இருப்பது கொதிக்கும் கல்லடுப்பு. ஆதலின் கீழ்ப்படியில் சிறிது நேரம் நிமிர்ந்து அமர்ந்து, காலை அசைத்து, சுவரைப் பற்றி எழுவதே அறிவுடைமை. வீட்டில் எவருமில்லாத வேளையில் முதியவர் தனியே சவுனா செல்லுதல் கூடவே கூடாது.

ஒட்டு மருந்துகள் மற்றொன்று. வலிக்கும் நெஞ்சுநோய்க்கும் தோலில் ஒட்டிக்கொள்ளும் மருந்துத் துணுக்குகள் இன்று வழக்கிலுள்ளன. வெப்பத்தில் அவற்றின் மருந்து வழக்கத்தைவிட விரைவாக உடலில் ஏறிவிடும். இன்சுலின் ஊசிக்கும் இதுவே. ஊசி போட்டுக்கொண்டு உடனே சவுனாவில் அமர்ந்தால் சர்க்கரை எதிர்பாராமல் தாழலாம். நெடுநாள் நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்க்குச் சுடுவதே தெரியாது. காது கேட்கும் கருவியை வெளியே வைத்துவிட வேண்டும். அது வெப்பத்தில் பழுதாகும்.

நகைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவ்வெப்பத்தில் உலோகம் தோலைச் சுடும். மோதிரம், வளையல், கழுத்திலுள்ள சுரூபம், கண்ணாடிச் சட்டம் அனைத்தையும் கழற்றி வைப்பதே அந்நாட்டார் வழக்கம். நம் தாய்மாரில் பலர் தாலியைக் கழற்ற ஒருப்படார். கழற்றுங்கள் என்று நாம் வற்புறுத்தப் போவதில்லை. நனைத்த துணியில் அதனைச் சுற்றிக்கொண்டு, கீழ்ப்படியில், சில நிமிடங்களே அமர்வார்களாக. சூடு உறைப்பதாகத் தோன்றினால் எழுந்து வந்துவிடுதலே தக்கது.

குளியலுக்குப் பின் பனியில் புரள்வதும், ஏரியின் பனிக்கட்டியில் துளையிட்டு முங்குவதும் புகைப்படங்களில் கண்டிருப்பீர்கள். இளைஞர் செய்யட்டும். திடீர்க் குளிரில் இரத்தக் குழாய்கள் இறுகி அழுத்தம் சடுதியில் உயரும். இதயம் தளர்ந்தோர்க்கு அது நல்லதன்று. வெதுநீரில் உடலைக் கழுவி, போர்த்திக்கொண்டு அமர்ந்து, இரண்டு குவளை தண்ணீர் பருகுவதே அவர்களுக்குரிய வழி.

மதுவைப் பற்றி நாம் எழுதுவது வழக்கமான அறவுரை என்று எவரும் கருத வேண்டா. சவுனாவில் நேர்ந்த மரணங்களை ஃபின்லாந்திலேயே ஆராய்ந்தோர் அவற்றில் பலவற்றுக்கு மதுவே துணைநின்றதைக் கண்டனர். குடித்தவனுக்கு அழுத்தம் மிகத் தாழும். இதயத் துடிப்புத் தாளம் தப்பும். உறங்கிவிட்டால் எழுப்ப ஆளிராது.

போட்டியும் மதுவுக்கு இளைத்ததன்று. ஃபின்லாந்தின் ஹெய்னோலா நகரில் 1999 முதல் ஆண்டுதோறும் உலகச் சவுனாப் போட்டி நடந்து வந்தது. யார் நெடுநேரம் தாங்குவார் என்பதே போட்டி. 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், 110 டிகிரி வெப்பத்தில் அரை நிமிடத்துக்கு ஒருமுறை நீர் வார்க்கப்பட்ட இறுதிச் சுற்றில், ஏறத்தாழ ஆறு நிமிடத்தில் இருவர் நிலைகுலைந்தனர். ரஷ்ய நாட்டவர் ஒருவர் இறந்தார். பலமுறை வாகை சூடிய ஃபின்லாந்துக்காரர் கடும் தீப்புண்களோடு நெடுநாள் மருத்துவமனையில் கிடந்தார். போட்டி அத்துடன் நின்றது. வெப்பத்துக்கு மிகப் பழகியவரே வெப்பத்தை அளக்கத் தவறிய கதை இது. "தாத்தா பயந்து ஓடிவிட்டார்" என்று பேரன் கைகொட்டிச் சிரிக்கும் வீட்டில், அச்சிரிப்புக்கு அஞ்சி மேலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்கும் தாத்தாவை நினைத்தே இதை எழுதினோம். அந்நாட்டில் உண்மையான நல்லொழுக்கம், யார் எப்பொழுது வெளியேறினாலும் ஏன் என்று கேளாதிருப்பதே. மேலும் நீர் வார்க்குமுன் உடனிருப்போரைக் கேட்டு வார்ப்பர்.

குழந்தைகள் செல்லலாமா? ஃபின்லாந்தில் கைக்குழந்தையும் பெற்றோர் மடியில் சவுனா காண்கிறது. கீழ்ப்படியில், மிதமான வெப்பத்தில், சில நிமிடம் மட்டுமே. சிறுவரின் உடல் பெரியோரைவிட விரைவில் சூடேறும் என்பதும், தமக்கு நேர்வதை அவர்கள் சொல்லத் தெரியாதவர் என்பதும் நினைவிலிருக்க வேண்டும். குழந்தை சிணுங்கினால் குளியல் முடிந்தது. அவர்களுக்கு உண்மையான ஆபத்து காற்றிலன்று, அடுப்பில் இருக்கிறது. நடை பழகும் பிள்ளை தடுமாறிக் கையூன்றுவது அடுப்பின் தகட்டில். சவுனாவில் சிறுவர்க்கு நேரும் தீப்புண்களுள் அடுப்பைத் தொட்டதால் நேர்பவை மிகுதி. கருவுற்ற தாய்மார் விஷயத்தில் ஃபின்லாந்தார் தாராளமாகவே இருக்கின்றனர். குறையற்ற கருவாயின் சிறிது நேரம் செல்வர். பிற நாடுகளின் மருத்துவர் பலர் முதல் மூன்று மாதங்களில் உடல் வெப்பம் மிக உயர்வது கருவுக்குத் தீங்காகலாம் என்று எச்சரிப்பர். பழக்கமில்லாத நம் பெண்மணிகள் பிள்ளைப்பேறு வரை பொறுத்திருப்பதே நன்று என்பது நம் கருத்து. குழந்தைப்பேற்றை வேண்டிக் காத்திருக்கும் கணவரும் மிகுந்த வெப்பத்தைச் சில மாதம் தவிர்த்தல் நலம். வெப்பத்தால் விந்தணுக்கள் குறையும், தவிர்த்தால் மீண்டும் பெருகும்.

அங்கேயே சொந்த வீடு வாங்கிக் குடியேறும் நம் பிள்ளைகள், பழைய அடுப்பை மாற்றவோ புதிய அறை அமைக்கவோ நேர்கையில் கடைக்காரர் முதலில் கேட்பது அறையின் கன அளவு. ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோவாட் என்பது எளிய கணக்கு. இரண்டு மீட்டர் நீளமும், இரண்டு மீட்டர் அகலமும், 2.1 மீட்டர் உயரமும் உள்ள அறை 8.4 கனமீட்டர், எட்டு அல்லது ஒன்பது கிலோவாட் அடுப்பு அதற்குப் பொருந்தும். கண்ணாடிச் சுவரோ வெறும் செங்கற் சுவரோ இருப்பின் சற்று மிகுதி வேண்டும். எட்டு கிலோவாட் என்பது நம் வீட்டு வெந்நீர்க் கீசர் நான்கினை ஒருசேர இயக்குவதற்கு ஒப்பாகும். ஆதலால் இதற்கு மும்முனை மின்சாரம் தேவை. உரிமம் பெற்ற மின்பணியாளரே இணைப்புக் கொடுக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். கைத்திறன் மிக்க நம் பிள்ளைகள் இதில் மட்டும் கையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

பெரிய அடுப்பாக வாங்கினால் விரைவில் சூடேறுமே என்று எண்ணுவது பிழை. அளவுக்கு மிஞ்சிய அடுப்பு கற்கள் சூடாவதற்குள் காற்றைச் சூடாக்கித் தானே நின்றுவிடும். நீர் வார்த்தால் ஆவி எழாது, ஈரமே மிஞ்சும். கிலோவாட்டைவிடக் கல்லின் எடையைக் கேட்பதே விவேகம். சிற்றடுப்புகள் 20 கிலோ கல்லே கொள்ளும். தூண்போல் உயர்ந்த அடுப்புகளில் 100 கிலோவும் அடங்கும். கல் மிகுந்தால் சூடேற நேரமாகும். ஆனால் எழும் ஆவி மென்மையாக இருக்கும். முதியோரும் சிறுவரும் உள்ள வீட்டுக்கு நாம் பரிந்துரைப்பது இத்தகையதே. ஏரிக்கரையில் பொறுக்கிய கூழாங்கற்களை இடலாகாது. சூட்டில் வெடித்துச் சிதறும். இதற்கென விற்கும் பெரிடோடைட், ஆலிவின் டயபேஸ் போன்ற கற்களையே, காற்று புகுமாறு தளர்வாக அடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அனைத்தையும் எடுத்து, நொறுங்கியவற்றைக் களைந்து, மீண்டும் அடுக்குதல் முறை. வார்க்கும் நீர் தூய நன்னீராக இருக்க வேண்டும். உப்புநீர் அடுப்பை அரித்துவிடும்.

இருக்கைகளின் உயரத்தைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. மேற்படியில் அமர்ந்தவரின் பாதம் அடுப்புக் கற்களின் மட்டத்துக்குக் கீழே இராமல் பார்த்துக்கொள்வது அந்நாட்டுத் தச்சரின் விதி. இல்லையேல் தலை வேகும், கால் குளிரும். கீழ்ப்படி முதியோர் காலூன்றி இறங்குமளவுக்கு அகலமாக இருத்தல் வேண்டும். மரம் பிசினற்றதாக இருக்க வேண்டும். ஆஸ்பென், ஆல்டர் மரங்களை விரும்புவர். ஆணித்தலை வெளியே தெரியலாகாது. கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். அதற்குத் தாழ்ப்பாளே கூடாது. உள்ளே மயங்குபவர் சாய்ந்தாலே திறந்துகொள்ள வேண்டும். கைப்பிடி மரத்தாலானதாக இருக்கட்டும். காற்று உட்புகவும் வெளியேறவும் தனித்தனித் துளைகள் வேண்டும். அடுப்பைச் சுற்றி மரக் கைப்பிடிச் சட்டம் கட்டாயம். வீட்டில் குழந்தை இல்லையெனினும் தாத்தா இருக்கிறார் அல்லவா? கைப்பேசியிலிருந்தே சூடேற்றலாம் என்னும் வசதியைக் காட்டி மயக்குவர். கதவு திறந்திருந்தாலோ, கல்லின்மேல் ஏதேனும் கிடந்தாலோ அடுப்பு எரிய மறுக்கும் காப்பு உண்டா என்று கேட்ட பின்னரே அதற்குப் பணம் கொடுக்க வேண்டும்.

பெட்டிகளைப் பற்றிக் கூறுவோம் என்றோம். சிறிய வீடுகளில் சவுனாவை அடிக்கடி பயன்படுத்தாதோர் அதில் குளிர்காலச் சட்டை, அட்டைப் பெட்டி, குழந்தையின் தள்ளுவண்டி முதலியவற்றை அடைத்து வைப்பர். ஈரத்துணிகளை அடுப்பின்மேல் கொடி கட்டி உலர்த்துவோரும் உண்டு. குழந்தையின் விரலோ, துடைக்கும் துணியோ பட்டு ஒருநாள் திருகு குமிழ் திரும்பிவிடும். சற்று நேரத்தில் அறை தீப்பற்றும். ஃபின்லாந்துத் தீயணைப்புத் துறையினர் ஓயாமல் எச்சரிப்பது இதையே. அறையைச் சாமானுக்கே பயன்படுத்துவதென முடிவு செய்தால், மின்பணியாளரை அழைத்து அடுப்பின் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். குமிழை அணைத்து வைத்தால் போதும் என்பது போதாது. ஒவ்வோர் அடுப்புக்கும் சுவருக்கும் இடையே எத்தனை விரற்கடை இடம் விடவேண்டும் என்பது அதன் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். அதைக் குறைத்தால் ஆண்டுக்கணக்கில் மரம் கருகிக் கருகி, ஒருநாள் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும்.

கோடைக்குடில்களில் விறகடுப்பே மிகுதி. அதன் ஆவிக்கு ஈடில்லை என்பது அந்நாட்டார் துணிபு. அங்கே வேறோர் எதிரி இருக்கிறது. தணல் முற்றும் அவியுமுன், சூட்டைச் சேமிக்க எண்ணிப் புகைபோக்கியின் தகட்டை மூடிவிட்டால் கார்பன் மோனாக்சைடு அறையில் நிரம்பும். நிறமில்லை, மணமில்லை. தலைவலி என்று எண்ணுமுன் நினைவு தப்பும். நீலச் சுடர் ஒன்றேனும் தணலில் தெரியும் வரை தகட்டைத் தொடலாகாது. அபாயமணி ஒன்றையும் குடிலில் பொருத்தி வைக்க வேண்டும்.

ஃபின்லாந்தார் வீட்டில் விருந்தினராகச் சென்று சவுனாவுக்கு அழைக்கப்பட்டால் திகைக்க வேண்டா. தம் குடும்பத்தார் ஒன்றாகவே ஆடையின்றிக் குளிப்பர். விருந்தினராயின் ஆடவர் முறை வேறு, பெண்டிர் முறை வேறு. நாணுவோர் பெரிய துண்டைச் சுற்றிக்கொண்டு அமர்வதை எவரும் குறை கூறார். எனக்கு வழக்கமில்லை என்று அன்பாக மறுத்தாலும் வருந்தார். நேரே அமராமல் ஒரு துண்டை விரித்து அமர்வதும், நுழையுமுன் உடலைக் கழுவிக்கொள்வதும் மட்டும் தவறாது காக்க வேண்டிய முறைகள். பூர்ச்ச மரத்தின் இலைக்கொத்தால் முதுகைத் தட்டிக்கொள்வதும் உண்டு. அக்கொத்தினைக் கிழக்கே 'வாஸ்தா' என்றும் மேற்கே 'விஹ்தா' என்றும் வழங்குவர். எது சரி என்பதில் அவர்களுக்குள் ஓயாத வழக்கு!

அகச்சிவப்புப் பெட்டி என்று ஒன்றினை நம் ஊர்களிலும் சவுனா என்ற பெயரால் விற்க முன்வருவோர் உளர். அதில் கல்லில்லை, நீரில்லை, ஆவியில்லை. மின்தகடுகளின் கதிர் உடலைச் சூடாக்கும். வெப்பம் 45 முதல் 60 டிகிரி. தசைவலிக்கு இதமளிக்கிறது என்று விரும்புவோர் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆயின் குவோப்பியோ ஆய்வை இப்பெட்டியின் விளம்பரத்தில் அச்சிடுவது முறையன்று. அம்மக்கள் அமர்ந்தது இதிலன்று. ஃபின்லாந்தார் இதைச் சவுனா என்றே ஏற்பதில்லை. உண்மைச் சவுனாவையும் நம் நாட்டில் அமைக்கலாம் என்பர். அங்கே குளியலின் பாதி வெளியே இருக்கிறது. கதவைத் திறந்தால் முகத்தில் மோதும் குளிர்காற்றிலும், உடலிலிருந்து புகைபோல் எழும் ஆவியிலும் இருக்கிறது. தூத்துக்குடியில் மே மாதம் கதவைத் திறந்து எங்கே ஆறுவது? பெருந்தொகை செலவிட எண்ணுவோர் இதனை ஒருமுறை சிந்தித்துக் கொள்க.

எல்லாரும் குளித்து முடித்த பின் ஃபின்லாந்து வீடுகளில் ஒரு சிறுவேலை எஞ்சியிருக்கும். படிகளுக்கு நீர்விட்டுத் தேய்த்து, பலகைகளை நிமிர்த்தி வைத்து, அடுப்பின் எஞ்சிய சூட்டிலேயே அறை உலருமாறு கதவையும் மேல்துளையையும் திறந்துவிடுவர். பூசணம் பிடித்து மரம் கறுப்பது இதைச் செய்யாத வீடுகளில்தான். கடைசியாக வெளிவருபவர் கல்லின்மேல் துண்டு ஏதும் விழுந்து கிடக்கவில்லையே என்று பார்த்து, குமிழ் சுழியில் நிற்பதை உறுதி செய்துகொண்ட பின்னரே தம் தேநீரை நாடிச் செல்வார்.